வாடாமல்லி நிறத்தில் ஓர் அடுக்கு

குழிக்குள் இறங்கி நின்றால் முதலில் சத்தம் போய்விடும். மேலே மாட்டு வண்டி போகும், சைக்கிள் மணி அடிக்கும், பிள்ளையார்பாளையம் பக்கமிருந்து தறிச் சத்தம் வரும். இடுப்பளவு இறங்கினால் அதெல்லாம் பக்கத்து ஊரில் நடப்பதுபோல ஆகிவிடும். தலை மறைய இறங்கினால் நம் மூச்சு நமக்கே கேட்கும்.

அன்று காலை நானும் கோதண்டம் சாரும் அப்படியொரு குழிக்குள் நின்று, மேற்குச் சுவரில் வெயில் இறங்குவதற்காகக் காத்திருந்தோம். சார் எங்கள் மண் ஆய்வுக் குழுவின் தலைவர். நான் அவருக்கு உதவியாளர். மேலே வெட்டிப் போட்ட மண்ணுக்குப் பக்கத்தில் யேசுபாதம் குந்தியிருந்தார். குழுவுக்குக் குழி வெட்டித் தருகிறவர் அவர், முசரவாக்கத்துக்காரர். வாயில் பீடி இருந்தது, பற்ற வைக்கவில்லை. குழிக்குள் ஆள் இருக்கும்போது புகைத்தால் மண்ணின் வாசனை கெட்டுவிடும் என்று சார் சண்டைக்கு வருவார்.

வெயில் மெல்ல இறங்கியது. முதலில் புல் வேர்கள் பொன்னாக மின்னின. அதன்கீழ் சாம்பல் கலந்த பழுப்பு. எறும்பு குடைந்த வழிகள், ஒரு நத்தை ஓடு. வெயில் இன்னும் கொஞ்சம் இறங்கியதும் நாங்கள் இருவரும் சுவரை ஒட்டிக் குனிந்தோம்.

இடுப்பு உயரத்தில் ஒரு அடுக்கு. வாடாமல்லி நிறம். பூவில் இருக்கும் பளிச்சென்ற வாடாமல்லி இல்லை. பலமுறை துவைத்து, நிழலில் உலர்த்திய புடவையின் வாடாமல்லி. அந்த அடுக்கு முழுவதும் மண் வெடித்து, தலை உருண்ட சின்னச் சின்னத் தூண்களாக நின்றது.

சார் தண்ணீர் தெளித்தார். நிறம் இன்னும் கருத்தது. ஒரு கட்டியை உடைத்து வண்ணப் புத்தகத்தைப் பிரித்தார். மண்ணின் நிறத்தைச் சொல்ல உலகம் முழுக்க அந்தப் புத்தகம்தான். பக்கம் பக்கமாக நிறச் சில்லுகள், ஒவ்வொரு சில்லுக்கும் கீழே ஓர் ஓட்டை. ஓட்டைக்குப் பின்னால் மண்ணைப் பிடித்து, எதனோடு ஒத்துப்போகிறது என்று பார்க்க வேண்டும். சார் எல்லாப் பக்கத்தையும் புரட்டினார். பிறகு முதலிலிருந்து இன்னொரு முறை புரட்டினார்.

"தனலட்சுமி, இதுல இல்லம்மா" என்றார்.

இல்லை என்று சொல்லும்போது யாருக்கும் இவ்வளவு சந்தோஷம் வந்து நான் பார்த்ததில்லை.

குழி பார்க்கிற பெண்

எழுபதுகளின் தொடக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருஷத்தைச் சரியாகச் சொல்ல என்னால் முடியாது. வேதியியல் படித்துவிட்டுச் சும்மா இருந்த என்னை மண் ஆய்வுக் குழுவில் எடுத்துக்கொண்டார்கள். ஜீப்பில் ஏறிச் சுற்றுப்பட்ட ஊர்களுக்குப் போவது, குழி வெட்டச் சொல்வது, அடுக்கடுக்காக மண்ணை எடுத்துத் துணிப்பையில் கட்டுவது. இதுதான் வேலை.

எங்கள் வீடு பிள்ளையார்பாளையத்தில். அப்பா பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவர். அவர் கைகள் முழங்கை வரை எப்போதும் ஏதாவது ஒரு நிறத்தில் இருக்கும். அன்றைக்கு என்ன புடவைக்கு நூல் போகிறது என்று அவர் கையைப் பார்த்தே அம்மா சொல்லிவிடுவாள்.

என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் தவறாமல் ஒரு கேள்வி கேட்டார்கள்.

"பொண்ணு இன்னா வேல பாக்குது?"

"சர்க்கார் வேலங்க. குழி பாக்குது" என்பார் அப்பா, முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

அதற்குப் பிறகு பஜ்ஜியை மட்டும் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பியவர்கள் உண்டு. எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. உண்மையைச் சொன்னால், குழிக்குள் இருந்த நிம்மதி எனக்கு அந்த நாற்காலி வரிசையின் முன்னால் நிற்கும்போது கிடைத்ததில்லை.

மண்ணைப் பற்றி அதற்கு முன் நான் யோசித்ததே கிடையாது. அது எப்போதும் அங்கேயே கிடப்பது என்றுதான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. அடியில் பாறை. மழை அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கும். வெயில் விரிய வைக்கும், குளிர் சுருக்கும். வேர் விரிசலுக்குள் விரலை விடும். புழுவும் எறும்பும் கீழே இருப்பதை மேலேயும் மேலே இருப்பதைக் கீழேயும் ஓயாமல் மாற்றிக்கொண்டே இருக்கும். மேட்டில் மண் தங்காது, பள்ளத்தில் வந்து சேரும். மழைநீர் மெல்லிய களிமண்ணைத் தன்னோடு கீழே இறக்கிக்கொண்டு போய் ஓரிடத்தில் விட்டுவிடும். இப்படி ஆயிரக்கணக்கான வருஷம் போனால் அடுக்குகள் பிரிந்து நிற்கும்.

முதல் முறை ஒரு குழிச் சுவரில் இதையெல்லாம் கண்ணால் பார்த்த அன்று வீட்டுக்கு நடந்து வரும்போது எனக்குக் கால் கூசியது. இவ்வளவு வேலை நடக்கிற இடத்தின்மேல் செருப்புப் போட்டு நடக்கிறோமே என்று.

பேர் வைக்காத மனிதர்

மண்ணுக்கும் சாதி சனம் உண்டு. பெரும் பிரிவு, அதற்குள் சின்னப் பிரிவு, அதற்குள் குடும்பம். கடைசியாக வருவதை மண் தொடர் என்று எழுதுவோம். வாயால் சொல்லும்போது எல்லாருக்கும் சீரீஸ்தான். இந்தத் தொடருக்கு எண் கிடையாது, லத்தீன் பெயரும் கிடையாது. அந்த மண்ணை முதலில் எந்த ஊரில் அடையாளம் கண்டார்களோ அந்த ஊரின் பெயர். நாலு வீடு இருக்கும் குக்கிராமமாக இருந்தாலும் சரி, பிறகு அதே மண் எங்கே அகப்பட்டாலும் அந்த ஊர்ப் பெயரால்தான் அழைக்க வேண்டும். இந்த வழக்கம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

கோதண்டம் சார் வாழ்நாள் முழுக்கக் குழி பார்த்தவர். ஆனால் ஒரு மண்ணுக்குக்கூட அவர் பேர் வைத்ததில்லை. அவர் எந்த ஊருக்குப் போனாலும் அங்கே இருந்த மண்ணை வேறு யாரோ, வேறு எங்கேயோ முன்பே கண்டு எழுதியிருந்தார்கள்.

"என் பசங்களுக்குக்கூட மாமனார்தான்மா பேரு வச்சாரு" என்று ஒருமுறை ஜீப்பில் சொன்னார். "வீட்டுக்குப் பேரு வைக்கலாம்னு பாத்தா, வீடு வாடக வீடு."

நாங்கள் சிரித்தோம். அவரும் சிரித்தார். ஆனால் ஓய்வு பெற இன்னும் கொஞ்ச மாதங்களே இருந்தன. ஒரே ஒரு மண்ணுக்காவது பேர் வைத்துவிட்டுப் போக வேண்டும் என்பது அவருக்கு எவ்வளவு பெரிய ஆசை என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

அதனால்தான் அந்த வாடாமல்லி அடுக்கு எங்களுக்கு அப்படித் தித்தித்தது. பிள்ளையார்பாளையத்தின் விளிம்பில், திருப்பருத்திக்குன்றம் போகும் வழியில், தரிசாகக் கிடந்த துண்டு நிலம் அது. வேகவதி ஒரு காலத்தில் இந்தப் பக்கமாக ஓடியிருக்க வேண்டும் என்றார் சார். எங்கோ மேற்கே கருஞ்சிவப்புப் பாறையைக் கரைத்துக்கொண்டு வந்து இங்கே படிய விட்டிருக்கும். அதன்மேல் பழுப்பு வண்டலைப் போட்டு மூடிவிட்டு ஆறு ஒதுங்கிப் போயிருக்கும். அவர் சொல்லச் சொல்ல, நாங்கள் நின்ற குழிக்குள் தண்ணீர் ஓடுவதுபோலவே எனக்கு இருந்தது.

"பிள்ளையார்பாளையம் சீரீஸ்" என்று அவர் தனக்குத்தானே சொல்லிப் பார்த்துக்கொள்வார்.

"பேரு நீளமா கீது சார். மேப்புல எடம் பத்தாது" என்றார் யேசுபாதம்.

"மேப்ப பெருசா போட்டுக்கலாம்பா."

சென்னைக்குச் செய்தி போயிற்று. புதிய மண் என்றால் பெரிய அதிகாரி ஒருவர் நேரில் வந்து குழிக்குள் இறங்கிப் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். அவர் அடுத்த வாரம் வருவதாகப் பதில் வந்தது. அதுவரை சுவரின் நிறம் வெளுத்துவிடக் கூடாதே என்று ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு மூடினோம். தினமும் காலையில் சார் தானே வந்து அந்தச் சாக்குக்குத் தண்ணீர் தெளித்துவிட்டுப் போவார்.

யேசுபாதத்தின் கைகள்

சோறு தின்ன உட்கார்ந்த ஒரு மதியம் யேசுபாதம் கையைக் கழுவிக்கொண்டே இருந்தார். கைப்பம்பை ஒரு கையால் அடித்து மறு கையைக் கழுவினார். பிறகு கையை மாற்றிக் கழுவினார்.

"என்ன யேசுபாதம், கை தேஞ்சிடப் போவுது" என்றேன்.

"போவ மாட்டேங்குதுமா. முந்தாநாளு அந்தக் கலர் மண்ண அள்ளுனதுலருந்து இப்டியேதான் இருக்குது. வீட்ல பேஜாரா போச்சு. எந்தக் கல்யாணத்துக்குப் போயி மருதாணி வச்சிக்கினு வந்தேன்னு கேக்குறா."

சார் சிரித்தார். செம்மண் நிலத்தில் வேலை செய்தால் கை சிவப்பது வழக்கம்தான். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே சோற்றில் வைத்த கை அப்படியே நின்றுவிட்டது.

செம்மண் கழுவினால் போய்விடும்.

கழுவினாலும் போகாத கையைப் பார்த்துப் பார்த்து வளர்ந்தவள் நான். அந்த நிறத்தை அப்பாவின் நகக்கண்ணில் பார்த்திருக்கிறேன், எங்கள் வீட்டுக் கொடியில் பார்த்திருக்கிறேன். ஆனால் வேலைக்குப் போகும்போது வீட்டுக் கண்ணைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் போயிருக்கிறேன் போல. குழிக்குள் பார்த்ததால் அது மண் என்றே தோன்றியது.

அன்றைக்குக் கிளம்பும்போது அந்த அடுக்கிலிருந்து ஒரு கட்டியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

ஓர் இழை

ஞாயிற்றுக்கிழமை. அந்த அடுக்கிலிருந்து எடுத்த ஒரு கட்டியை ஈயச் சட்டியில் போட்டுக் கொதிக்க வைத்தேன். அம்மாவுக்கு என் போக்கு முன்பே விநோதம்தான், அதனால் ஒன்றும் கேட்கவில்லை. சாயக்காரர்கள் சட்டியில் சாயம் ஏறுகிறதா என்று பார்க்க, சாயம் போடாத வெள்ளைப் பட்டு இழை ஒன்றை முதலில் முக்கிப் பார்ப்பார்கள். நானும் ஓர் இழையை எடுத்து முக்கினேன்.

மண் அடியில் தங்கியிருந்தது. தெளிந்த நீரிலிருந்து இழையை எடுத்தபோது அது வெளிறிய வாடாமல்லியாக இருந்தது. குளிர்ந்த நீரில் அலசினேன். அந்த நிறம் போகவே இல்லை.

இழையை அப்பாவிடம் காட்டி, அந்தத் துண்டு நிலம் எது என்று சொன்னேன்.

"அதுவா? அங்கதான்மா மொதல்ல சாயப்பட்டறைங்க இருந்திச்சி. எங்க பெரியப்பாவுதும் அங்கதான். கெணறு உப்பாயிடுச்சின்னு தெருவுக்குள்ள வந்துட்டாங்க. சாயக்குழிய ஏரி வண்டல் அடிச்சி மேடு பண்ணிட்டாங்க. நீ பொறக்கறதுக்கு முன்ன."

மேலே இருந்த பழுப்பு அடுக்கின் கதையும் போயிற்று. ஆறு எதுவும் அங்கே வரவில்லை, வண்டி மாடுதான் வந்திருக்கிறது.

என் சொந்தப் பெரிய தாத்தா ஊற்றிய தண்ணீரைத்தான் ஒரு வாரமாக வேகவதி என்று நம்பிக்கொண்டிருந்திருக்கிறோம். சிரிப்பு வந்தது. சாரை நினைத்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. சொல்லாமல் விட்டால் பெரிய அதிகாரியின் முன்னால் அவர் தலை குனிய நேரும். சொன்னால் அவருக்கு இருந்த ஒரே ஆசையை நானே எடுத்துவிட்டவள் ஆவேன். வேறு யாராவது சொல்லித் தொலைக்கக் கூடாதா என்று மனசார வேண்டிக்கொண்டேன்.

குழிக்குள் சொன்னது

மறுநாள் காலை சார் சாக்குக்குத் தண்ணீர் தெளிக்க வரும் நேரத்துக்கு முன்பே போய்க் குழிக்குள் நின்றேன். அதிகாரி இறங்க வசதியாக யேசுபாதம் புதிதாகப் படி வெட்டியிருந்தார். சார் அந்தப் படியில் இறங்கி வந்தார். நான் இழையை நீட்டினேன். பிறகு அப்பா சொன்னதை அப்படியே சொன்னேன்.

அவர் சாக்கை விலக்கி, இழையைச் சுவரின்மேல் வைத்துப் பார்த்தார். வண்ணப் புத்தகத்தில் கிடைக்காத ஜோடி அங்கே கிடைத்துவிட்டது.

வெடித்து நின்ற தூண்களை விரலால் தடவியபடி, "சவுக்காரத் தண்ணியும் ஊத்துவாங்களாம்மா?" என்று கேட்டார்.

"ஊத்துவாங்க சார். சாயம் போடறதுக்கு முன்னாடி நூல சவுக்காரமும் சோடாவும் போட்டு வேக வைப்பாங்க. அந்தத் தண்ணியும் அங்கதான் போயிருக்கும்."

"அந்த சோடாவுலதான் களிமண்ணு கலஞ்சி, இறுகி, தூண் தூணா வெடிச்சிருக்குது" என்றார். ஏமாற்றத்தை மறந்து அவர் கண் ஒரு கணம் பளபளத்தது. "தானா நடக்கணும்னா எத்தன தலமுற ஆவும் தெரியுமா? இவுங்க ஒரு ஆயுசுல பண்ணிட்டாங்களே."

அதன்பிறகு அவர் குழியின் அடியில் உட்கார்ந்துவிட்டார். வேட்டி அழுக்காவதைப் பார்க்கவில்லை.

"ஒண்ணாவது கெடச்சுதேன்னு இருந்தேன்மா" என்றார்.

எனக்கு அழுகை வந்தது. அவர் முன்னால் அழக் கூடாது என்று சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.

எறும்பும் சாயக்காரரும்

அதிகாரியை வர வேண்டாம் என்று சார் சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். அவர் சொல்லவில்லை. அதிகாரி வந்தார், இறங்கினார், நிறத்தைப் பார்த்து அசந்துபோனார். அவர் ஒரு வார்த்தை சொல்வதற்குள் சார் இழையை எடுத்துக் காட்டி எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

"அப்ப எதுக்குக் கோதண்டம் என்னக் கூப்ட்டீங்க?"

"இத எங்க சார் எழுதுறது? எறும்பு பண்ணா எழுதுறோம். மண்புழு பண்ணா எழுதுறோம். சாயக்காரர் பண்ணா மட்டும் ஏன் எழுதக் கூடாது?"

அதிகாரி நல்ல மனிதர்தான். "மனுஷன் ஊத்துன தண்ணிக்கு நம்ம வகைப்பாட்டுல எடம் இல்லியே" என்று மெதுவாகச் சொன்னார். குழியை மூடிவிடச் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

இன்று அப்படி இல்லை. மனிதர்கள் ஆக்கிய மண்ணுக்கும் வகைப்பாட்டு நூல்களில் இடம் கொடுத்துவிட்டார்கள். அதை முதன்முதலாகப் படித்த நாளில் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு ஒரு டம்ளர் காபி போட்டுக் குடித்தேன். அந்தக் குழியில் கேட்ட கேள்விக்குப் பதில் வர இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது. கேட்டவர் அப்போது இல்லை. அதிகாரி வந்துபோன பிறகு எங்கள் வரைபடத்தில் அந்த இடம் மட்டும் நிறம் இடாமல் வெள்ளையாக விடப்பட்டது.

மூடிய நாள்

குழியை மூட நாங்கள் மூவரும் போனோம். சார் எப்போதும் ஒவ்வொரு அடுக்கின் மண்ணையும் தனித்தனிக் குவியலாகப் போட வைப்பார். மூடும்போது யாரும் அதையெல்லாம் பார்ப்பதில்லை, தள்ளி மூடிவிட்டுப் போய்விடுவார்கள். அன்று சார் அடியில் இருந்தது அடியிலேயே போக வேண்டும் என்றார். அது முடிந்ததும் வாடாமல்லிக் குவியலைக் காட்டினார்.

"யாரு சார் பாக்கப் போறாங்க?" என்றார் யேசுபாதம்.

"இன்னொருத்தன் என்னைக்காவது தோண்டுவான்பா. அவனுக்கு ஒழுங்காத் தெரியட்டும்."

யேசுபாதம் மண்ணைத் தள்ளிப் பானைத் தண்ணீரை ஊற்றினார். சார் செருப்பைக் கழற்றி மேட்டில் வைத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குழிக்குள் இறங்கினார். அந்த ஈர மண்ணை வெறுங்காலால் மிதித்துச் சமப்படுத்தினார். அவசரமே இல்லாமல், ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குப் போய்த் திரும்பி வந்தார். சாயங்கால வெயில் அவர் தோளில் இருந்தது. குழிக்குள் இருந்ததால் மேலே போன வண்டிச் சத்தம் அவருக்கு எட்டியிருக்காது.

மேலே ஏறி வந்தபோது இரண்டு பாதமும் வாடாமல்லி.

"நலங்கு வச்ச மாப்ள மாதிரி இருக்குறீங்க சார்" என்றார் யேசுபாதம்.

சார் குனிந்து தன் காலைப் பார்த்தார். அந்த வாரத்தில் அன்றுதான் அவர் சிரித்தார்.

சில வாரம் கழித்து அவருக்கு வழியனுப்பு விழா நடந்தது. மேடையில் குத்துவிளக்கு ஏற்ற வேண்டியிருந்ததால் செருப்பைக் கழற்றினார். முன்வரிசையில் அவர் மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான் அவர் குதிகாலைப் பார்த்தேன். வெடிப்புகளில் அந்த நிறம் இன்னும் இருந்தது.

நான் பார்ப்பதை அவர் மனைவி கவனித்துவிட்டார். "பீர்க்கங்கூடு போட்டுத் தேச்சும் போவல பாரும்மா. இன்னா மண்ணுன்னு கேட்டா சிரிக்கிறாரே தவிர பதில் சொல்ல மாட்டேங்குறாரு."

"பிள்ளையார்பாளையம் மண்ணும்மா" என்றேன்.

சாரின் மனைவி தலையை ஆட்டினார். பிறகு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த அம்மாள் ஏதோ கேட்க, அவளிடம் திரும்பி, மேடையில் நின்ற காலைக் காட்டிச் சொன்னார்:

"அது பிள்ளையார்பாளையம் மண்ணாம்."